உறை பிரிக்காத நாற்காலி

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான் முதுகைத் தவிர மற்றபடி நலம். முதுகின் கதை கீழே வருகிறது. அங்கே நீங்கள், சித்தி, கடைக்குட்டி, உங்கள் இடது முழங்கால் ஆகிய நால்வரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேனா பிடித்து ஐந்து வருஷம் ஆகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போன வாரம் நான் அனுப்பிய நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜுக்கு நீங்கள் ஒரே ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினீர்கள். போன் பண்ணிக் கேட்டதற்கு, "நீ பேசறது பெருமழை மாதிரி இருக்கும்மா, எங்க ஒதுங்கறதுன்னே தெரியல. எழுதி அனுப்பு, நிறுத்தி நிறுத்திப் படிச்சுக்கறேன்"னு சொன்னீங்க. இதோ எழுதியாச்சு. ஒதுங்க இடம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குக் கிளம்பிய அன்று நீங்கள் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வேலையெல்லாம் தானா பழகிடும். போனதும் சூப்பர்வைசர் யாருன்னு பாரு. அவங்க மனசுல இடம் பிடிச்சுட்டா போதும், மத்ததை அவங்க பாத்துப்பாங்க." சித்தப்பா, நான் சேர்ந்து இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. என் சூப்பர்வைசரை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு சூப்பர்வைசர் யாருக்கும் கிடைக்க மாட்டார்கள். நான் அவர்களின் பரம ரசிகை ஆகிவிட்டேன்.

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா பக்கத்து வீட்டில் "பொண்ணு அட்டைப்பெட்டி கம்பெனில இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அலமாரி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் பலகை பலகையாகத் தட்டையான ஒரு பெட்டியில் அடுக்கி, கூடவே ஒரு பை திருகாணியும் ஒரு விளக்கத்தாளும் போட்டு விற்கிற கம்பெனி இது. வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய், தாளைப் பார்த்து, பலகைகளைத் திருகாணி போட்டுத் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். நான் இருப்பது அந்தத் தாளைச் சோதித்துப் பார்க்கிற அறையில். நான் பத்தாவது படிக்கும்போது நம் வீட்டுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவும் அண்ணனும் மூன்று மணி நேரம் அதோடு மல்லுக்கட்டி, ஒருத்தரை ஒருத்தர் "உனக்கு மண்டைல ஒண்ணுமில்ல" என்று திட்டிக்கொண்டு, கடைசியில் தலைகீழாக நிறுத்திவிட்டு "இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். குப்பையிலிருந்து தாளை எடுத்து நீவி, உட்கார்ந்து படித்து, இருபது நிமிஷத்தில் நான் அதை நேராக நிறுத்தினேன். அன்று பிடித்த பைத்தியம் இது. மற்றவர்கள் நடிகருக்குப் பக்கம் ஆரம்பித்தால் நான் விளக்கத்தாளுக்குப் பக்கம் ஆரம்பித்தேன். எந்தக் கம்பெனித் தாள் கிடைத்தாலும் பிரித்து மேய்ந்து வீடியோ போடுவேன். ஒவ்வொரு வீடியோவும் "தாளை முழுசா படிங்க மக்களே!" என்றுதான் முடியும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் ஒரு கட்டைவிரல் உங்களுடையது.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டார்கள். என்ன படித்தாய், எங்கே வேலை பார்த்தாய் என்று எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திரை வழியாக ஒரு தாளைக் காட்டி, "இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார்கள். பதினொன்று சொன்னேன். அவர்களுக்கே ஏழுதான் தெரியுமாம். மறுநாள் போனுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. "தங்களைத் தேர்ந்தெடுத்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி மேற்கொண்டு எதுவும் தெரியவில்லை. அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். அப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மாசம் பாப்பேன். அதுக்குள்ள வேலை உறுதின்னு ஒரு தாள் காட்டணும். இல்லன்னா பேசாம வந்து அண்ணன் ஜெராக்ஸ் கடையில உக்காரு"ன்னு சொல்லிட்டார். உத்தரவு வந்த நாளிலிருந்து எண்ணினால் அந்த ஒரு மாதம் நாளையோடு முடிகிறது. இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் அறை இரண்டாவது மாடியில், நடையின் கோடியில் இருக்கிறது. உள்ளே போனால் மரத்தூள் வாசனை. சன்னலுக்குக் கீழே லாரிகள் பின்னால் வந்து நிற்கும். சன்னல் ஓரம் ஒரு பெரிய மேசை, அதற்குப் பின்னால் ஒரு புத்தம்புதிய சுழல் நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பக்கத்தில் ஒரு ஸ்டூல். சுவரில் பெரிய எழுத்தில் மூன்று வரி: "செய்பவருக்கு உதவாதே. வாய்விட்டுக் காட்டிக்கொடுக்காதே. நடந்ததை மட்டும் எழுது." ஏனென்றால், இந்த அறையில் வேலை பார்க்கிற இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள். திட்டவில்லை சித்தப்பா, அவர்கள் பதவியின் பெயரே அதுதான். ஒருவர் பெட்டியைப் பிரித்துத் தாளைப் பார்த்துப் பூட்டுவார், இன்னொருவர் வாயைத் திறக்காமல் நோட்டில் எழுதுவார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாள் தப்பு. பூட்டக் கற்றுக்கொண்டுவிட்டால் அவர்கள் இந்த வேலைக்கு உதவ மாட்டார்கள். அதில் ஒருவர் நிதானம் அண்ணன். தாளில் உள்ள கம்பெனி முகவரியைக்கூட விடாமல் படித்துவிட்டுத்தான் முதல் பலகையைத் தொடுவார். இன்னொருவர் அவசரம் அக்கா. பெட்டியைப் பிரித்ததும் தாளைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் போட்டுவிடுவார். நாட்டில் பெட்டி வாங்குகிற எல்லோரும் இந்த இரண்டு பேருக்குள் அடக்கம். நிதானம் அண்ணன் ஒன்பது வருஷமாகத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கிறார். நினைத்துப் பாருங்கள், அது லேசுப்பட்ட காரியமா!

முதல் நாள் ஒன்பது மணிக்கு உள்ளே போய், நீங்கள் சொன்னபடியே "வணக்கம். சூப்பர்வைசர் எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிதானம் அண்ணன் மெதுவாக ஒரு புது நோட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஏதோ எழுதிக்கொண்டார்.

"அண்ணே, நான் எங்க உக்காரணும்?"

"அதை நாங்க சொல்லக் கூடாதும்மா" என்று சுவரைக் காட்டினார்.

நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவசரம் அக்கா "ஐயோ, அது..." என்று வாயைத் திறந்தார். நிதானம் அண்ணன் அவர் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். அக்கா கையைத் தடவிக்கொண்டார். அந்த ஸ்டூல் நிதானம் அண்ணன் கையாலேயே பூட்டியது. மூன்று கால் ஒரு உயரம், நான்காவது கால் தனிக்குடித்தனம். இருபத்தாறு நாளாக நான் அதில் ஊஞ்சலாடுகிறேன். முதுகின் கதை இவ்வளவுதான்.

முதல் வாரம் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். யாரும் வரவில்லை. ஆனால் வராமலேயே அவர்கள் எவ்வளவு பெரிய ஆள் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. முதலில் சாவி. நான் சேர்ந்த அன்று கீழ்த்தளத்தில் பைல் மேடம் ஒரு உறை கொடுத்தார். பைல் மேடம் என்றால் ஆபீஸ் காகிதமெல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும், யார் வந்தாலும் திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். அந்த உறைக்குள் ஒரு சாவி. அது எதைத் திறக்கிறது என்று நினைக்கிறீர்கள்? சூப்பர்வைசர் மேசை டிராயரை! நேற்று வந்த ஒரு பெண்ணை நம்பித் தன் டிராயர் சாவியையே கொடுத்து வைத்திருக்கிற மனசு யாருக்கு வரும்? உள்ளே இரண்டு ரப்பர் முத்திரை, ஒன்றில் "சரி", இன்னொன்றில் "நிறுத்து". ஒரு புதுத் தேநீர்க் கோப்பை. வேறு எதுவும் இல்லை, ஒரு பழைய பில்கூட இல்லை. இவ்வளவு சுத்தமான டிராயரை நான் எந்த ஆபீஸ் டூர் வீடியோவிலும் பார்த்ததில்லை. கோப்பையைத் தினமும் கழுவித் துடைத்து வைக்கிறேன், நான் அதில் குடிப்பதில்லை.

அடுத்தது கோடு சார். தாளில் வருகிற படங்களை வரைகிறவர் அவர். பெரிய கலைஞர், கொஞ்சம் சோம்பேறி. இரண்டாவது வாரம் ஒரு புது அலமாரிக்குப் படம் போட்டுக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"சூப்பர்வைசர் பாத்துட்டாங்களா?"

"சூப்பர்வைசர் இன்னும் வரல சார்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "ஓகோ. அப்படியா விஷயம்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதே படம், ஆனால் திருகாணிக்குப் பக்கத்தில் ஒரு கை வரைந்திருந்தது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறியோடு. "இப்போ?" என்றார். "இன்னும் வரல சார்." மூன்றாம் நாள் பலகையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வேறு வேறு நிழல். "இப்பவாவது?" "இல்ல சார்." ஏழு தடவை வரைந்தார். ஏழாவது படத்தைப் பார்த்தால் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு தெளிவு. நிதானம் அண்ணன் முகவரியைப் படிக்காமலேயே பூட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு சார் போகும்போது வாசலில் நின்று, "பதினாறு வருஷத்துல இந்த மாதிரி ஒரு வார்த்தைகூட பேசாம வேலை வாங்கின சூப்பர்வைசரை நான் பாக்கலம்மா" என்றார். "நானும் பாக்கல சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், நான் நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

இனி படிவத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மூன்றாவது வாரம் பைல் மேடம் கூப்பிட்டு, திரையைப் பார்த்தபடியே இரண்டு படிவம் நீட்டினார். "வேலைத் தொடர்ச்சிப் படிவம். மாசக் கடைசிக்குள்ள நிரப்பி கீழ வந்துடணும். சூப்பர்வைசர் கையெழுத்து இல்லன்னா வேலை தொடராது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"ரெண்டு எதுக்கு மேடம்?"

அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது, கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். ஒன்றில் அடித்தல் திருத்தல் வந்தால் இன்னொன்று என்று நானே புரிந்துகொண்டேன். முதல் கேள்வியே எப்படி இருக்கிறது தெரியுமா? "இவர் இந்த ஆண்டில் எதையாவது கற்றுக்கொண்டாரா? ஆம் எனில் பணி தொடராது." நான் ஆடிப்போய்விட்டேன். எவ்வளவு ஆழமான கேள்வி! எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்கிறார்கள். இதை எழுதியது நிச்சயம் என் சூப்பர்வைசராகத்தான் இருக்கும். பெயர் என்ற இடத்தில் பென்சிலால் என் பெயரை எழுதி, "எதுவும் கற்றுக்கொள்ளவில்லை" என்று அடக்கமாக நிரப்பி, கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு, நாற்காலியின் பிளாஸ்டிக் உறைமேல் வைத்தேன். அது அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவசரம் அக்கா ஏனோ தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை இவ்வளவு பயத்தோடு எழுதியிருக்க மாட்டேன். போன புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன் சித்தப்பா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

குழந்தைகள் அறையில் வைக்கிற ஒரு புத்தக அலமாரி வந்திருக்கிறது. உயரம் என் தோள் வரை, ஒல்லியானது, ஐந்து தட்டு. தாளில் மொத்தம் பதினான்கு படி. அந்தப் பதினான்காவது படிதான் அலமாரியைச் சுவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையை மாட்டுவது. அவசரம் அக்கா பன்னிரண்டாவது படியிலேயே எழுந்து, "முடிஞ்சுது! ஜம்முனு நிக்குது பாரு!" என்று கையைத் தட்டிவிட்டார். பட்டை பையிலேயே கிடந்தது. நிதானம் அண்ணன் பதிமூன்றை முடித்ததும், வேலை முடிந்த திருப்தியில் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து அலமாரியைத் தடவிப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்றார். பட்டை பையிலேயே கிடந்தது. நான்கு தடவை மாற்றி மாற்றிச் செய்தார்கள், நான்கு தடவையும் பட்டை பையில்தான். நான் போய் மேல் தட்டை ஒரு விரலால் லேசாக இழுத்தேன். மொத்த அலமாரியும் என்மேல் சாய்ந்தது. எனக்கு உங்கள் கடைக்குட்டி ஞாபகம்தான் வந்தது. பிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்து "நான் எங்க இருக்கேன் சொல்லு?" என்று கேட்பாளே, அவள்.

அந்த நேரம் பார்த்து அச்சகத்திலிருந்து உள்போன் வந்தது. "புத்தக அலமாரித் தாள் நாளைக்குக் காலைல மெஷின்ல ஏறுது. நாப்பதாயிரம். சூப்பர்வைசர் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்ப சரின்னு எடுத்துக்கட்டுமா? சத்தம் வரலன்னா சரிதான்னு அர்த்தம்."

சித்தப்பா, என் கை நான் சொல்லாமலேயே டிராயரைத் திறந்தது. "சத்தம் வரும் சார், இருங்க" என்று சொல்லி போனை வைத்தேன். தாளின் நட்ட நடுவில் "நிறுத்து" முத்திரையை ஓங்கிக் குத்தினேன். அதற்குக் கீழே, "சூப்பர்வைசர் உத்தரவு: பதினான்காவது படி மூன்றாவது படியாக வர வேண்டும். பட்டையை மாட்டாமல் முதல் தட்டே ஏறக் கூடாது" என்று எழுதி, நானே ஓடிப்போய் அச்சகத்தில் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. முத்திரை மட்டும்தான். திரும்பி வந்து முத்திரையை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நிதானம் அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார், பேனாவில் மை தீர்ந்து வேறு பேனா எடுத்தார்.

கோடு சார் ஒரே நாளில் மொத்தத் தாளையும் மாற்றி வரைந்து, பட்டையின் கொக்கிமேல்தான் முதல் தட்டு உட்காரும்படி செய்துவிட்டார். அவசரம் அக்கா வழக்கம்போலத் தாளைப் பின்னால் போட்டுவிட்டுத் தட்டை ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. முட்டினார், திட்டினார், வேறு வழியில்லாமல் தாளை எடுத்தார், பட்டையை மாட்டினார். "அடப்பாவிங்களா, என்னையே ஏமாத்தி மாட்ட வச்சுட்டீங்களே!" என்று அவர் கத்தியது லாரி வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஸ்டூலில் எழுந்து நின்று விசிலடித்தேன், ஸ்டூல் என்னைக் கீழே தள்ளியது. விழுந்தாலும் மனசு நிறைந்திருந்தது. சூப்பர்வைசர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள். எனக்கு எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் அந்த நாற்காலியைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான். பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி, அல்லது பெரிய மனுஷர், உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். எதிரில் இருக்கிறவரைக் கண்டு பயந்து வேலை செய்வது எல்லா ஆபீஸிலும் உண்டு. இல்லாதவரை நினைத்து ஒழுங்காக வேலை செய்வது இங்கே மட்டும்தான் சித்தப்பா. அவர்களுக்காக ஒரு ரசிகர் பக்கம் ஆரம்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன், போட போட்டோதான் இல்லை.

ஆனால் இப்போது கம்பெனி முழுக்க இதே பேச்சு. தேநீர் மெஷின் பக்கத்தில் இரண்டு பேர், "யாருப்பா அந்த சூப்பர்வைசர்? வந்த மாசமே மெஷினை நிறுத்திட்டாங்களே!" என்று பேசிக்கொண்டார்கள். வராதவரைப் போய் வந்த மாசம் என்கிறார்கள், பாவம், விவரம் தெரியவில்லை. வெளியூர் போயிருந்த பெரிய மேனேஜர் திரும்பி வந்துவிட்டாராம், திங்கட்கிழமை மாடிக்கு ஏறி வந்து சூப்பர்வைசரை நேரில் பார்க்கப் போகிறாராம். பார்த்தால் என்ன ஆகும்? "நான் எந்த உத்தரவும் போடலையே" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. அதற்கு முன்னால் நாளைக்குள் அந்தப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். யாருடைய முத்திரையைத் திருடிக் குத்தினேனோ அவரிடமே போய், வேலையை உறுதி செய்யுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி நாற்காலிமேல் வைத்திருக்கிறேன். "அம்மா அல்லது ஐயா, உங்கள் பெயரில் நான் செய்தது தப்பு. ஆனால் பட்டை விஷயத்தில் மட்டும் என்னைத் திட்டாதீர்கள்" என்று முடித்திருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அப்பாவிடம் நீங்கள் போய், பக்குவமாக, அவர் சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது, "பொண்ணு ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் வேலையை விட்டுட்டு வரா" என்று ஆரம்பித்து வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் உட்காருகிறேன். ஆனால் அந்த மெஷினோட விளக்கத்தாளை அண்ணன் பத்திரமாக வைத்திருக்கிறானா என்று மட்டும் கேட்டுச் சொல்லவும்.

உங்களுக்கும் சித்திக்கும் என் வணக்கம். கடைக்குட்டியை பிரிட்ஜிலிருந்து இறக்கி ஒரு முத்தம் கொடுக்கவும். உங்கள் முழங்கால் பிசகாமலும் என் ஸ்டூல் கவிழாமலும் எல்லாருக்கும் நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் ஆசி வேண்டும்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: சித்தப்பா, மேலே எழுதியது எதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்! அவசரம்! ஆபீஸ் ஸ்டூலிலேயே உட்கார்ந்து கடிதத்தை மடிக்கிற நேரத்தில், நாற்காலிமேல் கிடந்த படிவத்தில் பணியாளர் எண் என்று ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். அது வேலை உத்தரவில் இருக்குமே என்று போனை எடுத்து, சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டாவது பக்கத்துக்குப் போனேன். எண் இருந்தது. அதற்கு மேலே, "பதவி: சோதனை அறை சூப்பர்வைசர். இருக்கை: சன்னல் ஓரச் சுழல் நாற்காலி. மேசைச் சாவி உறையில் உள்ளது. பணி முதல் நாளிலிருந்தே உறுதி" என்று இருந்தது. மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பியும் படித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் நிதானம் அண்ணனும் அவசரம் அக்காவும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அக்காவுக்கு அடக்கிவைத்த இருபத்தாறு நாள் பேச்சும் ஒரே மூச்சில் வந்தது. "எம்மாடி, வாயில துணியை அடைச்சுக்கிட்டு இருந்த மாதிரி இருந்துதும்மா! புது சூப்பர்வைசர் நம்மள சோதிச்சுப் பாக்கறாங்க, வாயைத் திறந்தா வேலை போயிடும்னு இந்த மனுஷன் கிள்ளிக் கிள்ளியே என் கை ரெண்டும் கன்னிப் போச்சு!" நிதானம் அண்ணன் நோட்டை நீட்டினார். முதல் பக்கம்: "நாள் ஒன்று, காலை ஒன்பது. வந்தார். சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டார். தவறான இருக்கையில் அமர்ந்தார். உதவவில்லை." இருபத்தாறு நாளும் இப்படியே. "கோப்பையைக் கழுவினார். குடிக்கவில்லை." "படிவத்தில் தன் பெயரையே எழுதினார். அக்காவுக்குக் கண்ணீர்." ஏனென்றால் அந்த இரண்டு படிவமும் அவர்கள் இரண்டு பேருடையது! நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர்களுக்கு வேலை தொடரும். நான் ஊஞ்சலாடிக்கொண்டு யாருக்கோ காத்திருக்க, அவர்கள் வாயைத் திறக்காமல் எனக்குக் காத்திருந்திருக்கிறார்கள். வெட்கத்தில் காது சுட்டது. பென்சிலில் எழுதியிருந்த என் பெயரை அழித்து, அவர்கள் பெயரைப் போட்டு, "எதையாவது கற்றுக்கொண்டாரா? சிறிதும் இல்லை" என்று இரண்டிலும் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிதானம் அண்ணன் படித்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் இவ்வளவு உறுதியாக யாரும் எழுதியதில்லையாம்.

ஆக, மேலே ஐந்து பக்கத்துக்கு நான் ரசிகையாகிப் புகழ்ந்து தள்ளியிருக்கிற அந்தப் பெரிய மனுஷி நானேதான். கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் கை வலிக்கிறது. நோட்டின் கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருந்தது: "தவறு யாருடையது? சூப்பர்வைசர் முடிவு செய்ய வேண்டும்." நான் நாற்காலியின் உறையைப் பிரித்து, உட்கார்ந்து, புதுக் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு யோசித்தேன். பூட்டத் தெரியாத அக்காவை நாங்கள் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லையே. எழுந்து போய் என் வேலை உத்தரவை அச்செடுத்து வந்து, நடுவில் "நிறுத்து" முத்திரையைக் குத்தி, "இரண்டாவது பக்கத்தில் இருப்பது முதல் பக்கத்துக்கு வர வேண்டும்" என்று எழுதி, பைல் மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார் சித்தப்பா. முதல் தடவையாக.

இப்போதுதான் உறைக்கிறது, இந்தக் கடிதத்திலும் முக்கியமான சேதி கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் இதுவரை வந்து சேர்ந்தீர்களா, இல்லை ஜெராக்ஸ் கடை வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அப்பாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டீர்களா? இதைப் படித்திருந்தால் உடனே போன் பண்ணுங்கள். கட்டைவிரல் செல்லாது.